பாஸ்கா: பந்தியிலிருந்து மேடைக்கு

பாஸ்கா என்ற சொல்லின் வேர் எபிரேய மொழியின் ‘பெசாக்’. எகிப்தில் ஆட்டுக்குட்டியின் இரத்தம் பூசிய வாசல்களைச் சாவு கடந்துபோன இரவை யூதர்கள் அப்படி அழைத்தார்கள். அன்று அறுத்துச் சுட்டுத் தின்ற ஆட்டுக்கும் விவிலியத்தில் அதே பெயர்தான். பண்டிகைப் பெயரும் பண்டத்தின் பெயரும் தொடக்கத்திலிருந்தே ஒன்று.

கிறிஸ்தவர்கள் இயேசுவின் உயிர்ப்புப் பண்டிகைக்கும் வைத்துக்கொண்ட இந்தப் பெயர், அரமேய உச்சரிப்பின் வழியே கிரேக்கத்தில் ‘பாஸ்கா’ ஆனது. அங்கே துன்புறுதலைக் குறிக்கும் வினைச்சொல் ‘பாஸ்கெய்ன்’. ஓசை ஒத்துப்போகவே, 2ஆம் நூற்றாண்டில் சர்தை நகர ஆயர் மெலித்தோ இரண்டையும் முடிச்சுப் போட்டார். வேர் எபிரேயம், பொருள் கடத்தல் என்று பின்னாளில் புனித அகஸ்தீன் திருத்தினார். லத்தீன் மக்கள் பேச்சில் மேய்ச்சல் நிலத்தைக் குறிக்கும் ‘பாஸ்குவா’வின் சாயல் ஏறி, இத்தாலியில் ‘பாஸ்குவா’, போர்ச்சுகலில் ‘பாஸ்கொவா’ என்றானது. சிரியாக் மொழியோ எழுத்தையே மாற்றி, மகிழ்ச்சியைக் குறிக்கும் தன் சொல்லோடு சேர்த்துக்கொண்டது. கிரேக்கன் காதில் துயரம், சிரியாக்காரன் காதில் ஆனந்தம்!

சமையலறையிலும் இதே கதை. ரஷ்யாவில் ‘பாஸ்கா’ என்றால் பாலாடைக்கட்டி இனிப்பு. வெண்ணெய், முட்டை, சர்க்கரை சேர்த்துப் பிசைந்த கட்டியை மர அச்சில் அடைத்து, மேலே பாரம் வைத்து நீரை வடியவிடுவார்கள். கவிழ்த்தால் தலை வெட்டிய பிரமிடு. பக்கத்தில் ‘கிறிஸ்து உயிர்த்தார்’ என்பதன் முதலெழுத்துகள். தவக்காலம் முழுக்கப் பாலும் முட்டையும் விலக்கியவர்களுக்கு அதுதானே விருந்து! அண்டை நாடான உக்ரைனில் அதே பெயர் உயரமாக எழும்பிய இனிப்பு ரொட்டிக்கு. அப்படிப்பட்ட ரொட்டி ரஷ்யாவில் ‘குலீச்’.

ஆங்கிலேயர் பண்டிகையை ‘ஈஸ்டர்’ என்றார்கள். அது ‘எயோஸ்த்ரே’ என்ற பழைய தேவதையின் பெயரிலிருந்து வந்தது என்று 8ஆம் நூற்றாண்டுத் துறவி பீட் எழுதிவைத்தார். ஆனால் வட இங்கிலாந்தில் வெங்காயத் தோல் சுற்றி வேகவைத்துப் பழுப்பேற்றும் முட்டை ‘பேஸ் எக்’. ‘பாஸ்கா’தான் தேய்ந்து ‘பேஸ்’ ஆகியிருக்கிறது.

நமக்குப் பக்கத்தில், கேரளத்தின் சிரியன் கிறிஸ்தவர் வீடுகளில் பெரிய வியாழன் இரவு ‘பெசஹா அப்பம்’ உண்டு. பெயர் சிரியாக் வழி வந்தது. மற்ற நாள் அப்பத்துக்கு மாவு புளிக்க வேண்டும். இதற்குப் புளிக்கக் கூடாது. அரிசியும் உளுந்தும் தேங்காயும் சேர்த்த மாவை ஆவியில் வேகவைத்து, குருத்தோலைச் சிலுவை வைப்பார்கள். வீட்டுப் பெரியவர் பிட்டுக் கொடுக்க, வெல்லமும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த ‘பெசஹா பாலில்’ தோய்த்து உண்பார்கள். ரஷ்யக் கட்டியும் உக்ரைன் ரொட்டியும் நோன்பு முடிந்த கொண்டாட்டம். இதுவோ எகிப்தை விட்டு அவசரமாகக் கிளம்பியவர்களின் புளிப்பில்லா அப்பத்தை ஒட்டியது.

தமிழில் கத்தோலிக்கர் ‘பாஸ்கா’ என்றும் சீர்திருத்த சபையார் ‘பஸ்கா’ என்றும் வேதாகமத்தில் படிக்கிறார்கள். ஆனால் நம்மிடம் அந்தப் பெயரில் பலகாரம் ஏதும் நிலைக்கவில்லை. ஊர்ப்பேச்சில் ‘பாஸ்கா’, ஈழத்தில் ‘பாஸ்கு’ என்றால், இயேசுவின் பாடுகளை மேடையில் நடித்துக்காட்டும் நாடகம். அகஸ்தீன் தள்ளிவைத்த ‘துன்பம்’ என்ற பொருளே தமிழில் நிலைத்துவிட்டது.