கல்லச்சில் ஏறாத கோவை

1930-களின் உலகப் பொருளாதார மந்தத்தில் பஞ்சு விலை விழுந்து கொங்குக் குடியானவர்கள் தவித்தார்கள். அதே மந்தத்தில் அமெரிக்காவில் ஓவியர்களுக்கும் பிழைப்பில்லை. 1935-இல் அந்நாட்டு அரசே சம்பளம் கொடுத்து அவர்களை வரையச் சொன்னது. லூயிஸ் லோசோவிக் போன்றவர்கள் நியூயார்க்கின் பாலங்களையும் கோபுரங்களையும் இயந்திரங்களையும் கல்லச்சில் வரைந்தார்கள். சுண்ணாம்புக் கல்லில் எண்ணெய்ப் பசையுள்ள கோலால் தீட்டி, மை தடவித் தாளில் எடுக்கும் முறை அது. கறுப்பும் வெள்ளையுமாக ஒரு காலம் அப்படியே பதிந்துவிட்டது.

நம் கோவையில் வரைவதற்கு என்ன குறை?

அதே மந்தக் காலத்தில் பைக்காரா ஆற்று நீரை நீலகிரி உச்சியிலிருந்து இரும்புக் குழாயில் 3,000 அடிக்கும் மேல் கீழே இறக்கி, மலையடிவாரத்துச் சிங்காராவில் பெல்டன் சக்கரங்களைச் சுழற்றி மின்சாரம் எடுத்தார்கள். 1929-இல் தொடங்கிய வேலை 1932-இல் பலித்தது. கம்பி வழியே கரண்ட் கோவைக்கு வந்தது.

அதுவரை மில் வைப்பதென்றால் கொதிகலன் வேண்டும், அதற்கு நிலக்கரி வேண்டும். 1888-இல் ஸ்டேன்ஸ் மில் தொடங்கிய காலத்திலிருந்து அதுதான் நிலை. பைக்காரா வந்ததும் அந்தச் சுமை இறங்கியது. பஞ்சும் மலிவு. நிலத்தில் போட்ட பணத்துக்கு வரும்படி இல்லாத குடும்பங்கள் அதை மில்லில் போடத் துணிந்தன. உலகெங்கும் ஆலைகள் மூடிக்கொண்டிருந்தபோது இங்கே புதுப்புகைபோக்கி இல்லாமலே புது மில்கள் எழுந்தன. மின்சாரம் மட்டும் இதைச் செய்துவிடவில்லை. கையில் காசு வைத்திருந்தவர்களை நிலத்திலிருந்து நகர்த்தியது மந்தம்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

தோட்டங்களிலும் மாற்றம். கவலை ஓட்டி, மாடுகளை முன்னும் பின்னும் நடத்தி நீர் இறைத்த கிணற்று மேட்டில், மெல்ல மெல்ல மோட்டார் ரூம் எழுந்தது. 1937-இல் ஜி.டி. நாயுடுவின் முயற்சியில் கோவையிலேயே மின்மோட்டார் செய்தார்கள். இன்று ஊர் ஊராகப் போகும் கோவை பம்புசெட்டுக்கு அதுவே முன்னோடி.

வெளிச்சம் வந்ததால் இரவு ஷிப்டும் வந்தது. விடியலில் மில் சங்கு ஊதும். பஞ்சுத் தூசி படிந்த தலையோடு தொழிலாளர்கள் வெளியே வருவார்கள். அந்த ஒரு காட்சியைக் கல்லில் ஏற்ற ஆளில்லாமல் போனதே என்பதுதான் எனக்கு ஆறவில்லை. முதலாளிகளின் படங்கள் கூடத்துச் சுவர்களில் இருக்கின்றன. இயந்திரம் ஓட்டியவர்களுக்கு அதுவுமில்லை.

உங்கள் அப்புச்சியோ அமத்தாவோ மில் வாசலிலோ மோட்டார் ரூம் அருகிலோ நிற்கும் பழைய போட்டோ பரணில் கிடக்கலாம். எடுத்துத் துடையுங்கள். பின்பக்கத்தில் பெயரையும் ஊரையும் வருஷத்தையும் எழுதி வையுங்கள்.