பொதி கை மாறும்போது

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

பலாலிக்குச் சென்னை விமானம் வரத் தொடங்கிய பிறகு, தெல்லிப்பழைச் சந்தியால் போகும் வான்களில் பெரிய சூட்கேஸ்களை மறுபடி காண்கிறோம். கலியாணம், திருவிழா, பெருநாள் என்று வெளிநாட்டு உறவுகள் வருகிறார்கள். கூடவே ஒரு கேள்வியும் வருகிறது: "நகையை சூட்கேசுக்குள் வைத்துக் கொடுத்துவிடலாமா? காணாமல் போனால் யார் பொறுப்பு?" இந்தக் கேள்விக்கு ஒரு சரித்திரம் உண்டு. அது நம் ஊரையும் தொட்டுத்தான் போகிறது.

பொதியில் கட்டும் இலக்கத் துண்டு விமானத்துக்கு முந்தியது. 1882இல் கனடாவின் மொங்டன் நகரைச் சேர்ந்த ஜோன் மைக்கல் லயன்ஸ் அதற்குக் காப்புரிமை பெற்றார். ஒரு பாதி பொதியில், மறுபாதி பயணியின் கையில். இரண்டிலும் ஒரே இலக்கம். அந்தச் சிறிய கடதாசி சொல்வது இதுதான்: "உன் பொருள் இப்போது என் பொறுப்பில்."

விமானங்கள் வந்ததும் அந்தப் பொறுப்புக்கு அளவு வைத்தார்கள். 1929 ஒக்டோபர் 12இல் கையெழுத்தான வார்சோ உடன்படிக்கை, ஒப்படைத்த பொதிக்கு ஒரு கிலோவுக்கு 250 தங்க பிராங்க் என்று இழப்பீட்டின் உச்ச எல்லையை வகுத்தது. உள்ளே இருப்பது பழஞ்சேலையா பவுணா என்று சட்டம் பார்க்கவில்லை. தராசைத்தான் பார்த்தது. விமானத்தொழில் அப்போது கைக்குழந்தை. பெரிய நட்டத்தை அது தாங்காது என்று நினைத்தார்கள்.

இரண்டாம் உலகப் போரில் பிரித்தானிய விமானப்படைக்காக அமைந்த பலாலி ஓடுபாதை, போருக்குப் பிறகு மக்களுக்குப் பயன்பட்டது. 1947 டிசெம்பர் 10இல் எயார் சிலோனின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகவே சென்னைக்குப் பறந்தது.

ஆனால் பற்றுச்சீட்டே இல்லாமல் கை மாறிய பொதிகளும் நம் சரித்திரத்தில் உண்டு. 1990 யூனில் வலிகாமம் வடக்கு மக்கள் கையில் அகப்பட்டதோடு வீட்டை விட்டு ஓடினார்கள். அதே ஆண்டு ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாண முஸ்லிம்களை இரண்டு மணி நேரத்துக்குள் வெளியேறும்படி விடுதலைப் புலிகள் கட்டளையிட்டார்கள். போகும் வழியில் பைகள் திறக்கப்பட்டன. பணம், நகை, காணி உறுதி, காதில் கிடந்த தோடு வரை எடுக்கப்பட்டன. இலக்கத் துண்டும் இல்லை, முறையிட ஒரு மேசையும் இல்லை. வடக்கிலிருந்து இப்படி அனுப்பப்பட்டோர் எழுபதாயிரத்துக்கும் மேல். பகைமைக்காக இதைச் சொல்லவில்லை. இருபக்கமும் இழந்தவர்கள் இன்று ஒரே வீதியில் நடக்கிறோம் என்பதற்காகவே சொல்கிறோம்.

1998 செப்டெம்பர் 29ஐயும் மறக்க முடியாது. பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயார் விமானம் மன்னார்க் கடலுக்கு மேலே சுட்டு வீழ்த்தப்பட்டது. பயணிகள் 48 பேர், பணியாளர் 7 பேர், ஒருவரும் மீளவில்லை. கடலடியில் சிதைவுகள் கண்டெடுக்கப்பட்ட பிறகு, 2014 ஜனவரியில் பயணிகளின் உடுப்புகளும் உடைமைகளும் யாழ்ப்பாணத்தில் உறவினர் அடையாளம் காண வைக்கப்பட்டன. பதினைந்து வருடம் உப்புத் தண்ணீரில் கிடந்த ஒரு சட்டை, அந்த வீட்டுக்கு எந்தப் பவுணையும் விடப் பெரியது. அதற்கு எந்த உடன்படிக்கையில் விலை இருக்கிறது?

இனி இன்றைய நிலை. 1999 மொன்ட்ரியல் உடன்படிக்கை கிலோக் கணக்கை நீக்கி, ஒரு பயணிக்கு இவ்வளவு என்று எல்லை வைத்தது. இலங்கையும் இந்தியாவும் அதில் இணைந்துள்ளன. 2024 டிசெம்பர் 28 முதல் எல்லை 1,519 எஸ்.டி.ஆர், சுமார் இரண்டாயிரம் அமெரிக்க டொலர். ஒன்பது, பதினொரு பவுணில் செய்யும் நம் தாலிக்கொடியின் பாதிக்கும் அது காணாது. அதுவும் உச்சம்தான், நட்டத்தை நாம்தான் நிறுவ வேண்டும்.

ஆகவே நாம் செய்யக்கூடியவை:

நகை, பணம், உறுதி, கடவுச்சீட்டு எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். ஒப்படைக்கும் பொதிக்குள் இவற்றை வைக்க வேண்டாம் என்று பெரும்பாலான விமான நிறுவனங்களும் சொல்கின்றன.

கைப்பையைக் கடைசி நேரத்தில் வாங்கி விமானத்தின் அடியில் ஏற்றுவதும் உண்டு. கொடுப்பதற்கு முன் நகைப் பொட்டலத்தை வெளியே எடுங்கள்.

விலை கூடிய பொருளை ஒப்படைத்தே ஆகவேண்டுமென்றால், ஒப்படைக்கும்போதே அதன் பெறுமதியை விசேடமாக அறிவித்து, கேட்டால் மேலதிகக் கட்டணம் செலுத்தலாம்.

பொதி வராவிட்டாலோ திறந்திருந்தாலோ, விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன்பே அங்கு முறைப்பாட்டுப் படிவம் நிரப்புங்கள். சேதத்துக்கு 7 நாளுக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். தாமதத்துக்கு, பொதி கைக்கு வந்ததிலிருந்து 21 நாள். வரவேண்டிய நாளிலிருந்து 21 நாள் கடந்தும் வராத பொதியைத் தொலைந்ததாகக் கொண்டு உரிமை கோரலாம். வழக்குக்கு இரண்டு வருடம்.

ஒப்படைத்த பொருளை அமானிதம் என்கிறோம். நபியவர்கள் மக்காவை விட்டு ஹிஜ்ரத் போன இரவில்கூட, தம்மிடம் மக்கள் வைத்திருந்த அமானிதங்களைத் திருப்பிக் கொடுக்க அலி (ரழி) அவர்களை நிறுத்திவிட்டே போனார்கள். வார்சோவுக்கு வெகு காலம் முன்பே நாம் கேட்டு வளர்ந்த சட்டம் இது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பயணம் போகுமுன் பொதியில் இருப்பதைப் பட்டியல் எழுதி, படமும் எடுத்து வையுங்கள். அதேபோல 1990இல் என்னென்ன இழந்தோம் என்று நினைவுள்ள பெரியவர்கள் வீட்டில் இருந்தால், ஒரு கொப்பியில் அவர்கள் சொல்லச் சொல்ல எழுதி வையுங்கள். இழப்பீடு வருமோ தெரியாது. பிள்ளைகள் கேட்கும்போது காட்ட ஒரு பற்றுச்சீட்டாவது இருக்கட்டும்.