மொமென்டம் யார் பக்கம்? - ஒரு சாஃப்ட்பால் கதை

கிரிக்கெட் கமெண்ட்ரி கேட்டு வளர்ந்த நமக்கு 'மொமென்டம்' புதுசு இல்லை. ரெண்டு பவுண்டரி போனா அது பேட்டிங் டீம் பக்கம். ஒரு விக்கெட் விழுந்தா இந்தப் பக்கம். இன்ஜினியரிங் படிச்ச எனக்கு இதுல ஒரு உறுத்தல் உண்டு. நிறையைத் திசைவேகத்தால பெருக்கினா உந்தம். ஒரு டீமோட திசைவேகத்தை எப்படிங்க அளக்கறது? :-)

இந்தக் கேள்விக்கு நல்ல பாடம் கிடைச்சது கிரிக்கெட்ல இல்லை, அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் சாஃப்ட்பால்ல.

முதல்ல கொஞ்சம் வரலாறு. சாஃப்ட்பால் 1887-ல் சிகாகோவில் ஒரு கூடத்துக்குள்ள பிறந்த ஆட்டம். கல்விக்கூடங்களில் பாலினப் பாகுபாடு கூடாதுன்னு 1972-ல் வந்த சட்டத்துக்கு அப்புறம் கல்லூரிப் பெண்கள் மத்தியில வேகமா வளர்ந்தது. 1982-ல் என்.சி.ஏ.ஏ. முதல் முறையா பெண்களுக்கான உலகத் தொடர் நடத்த, யூ.சி.எல்.ஏ. ஜெயிச்சது. 2005-லிருந்து இறுதிப்போட்டி 3 ஆட்டம், 2 ஜெயிச்சா பட்டம். ஒரு ஆட்டத்துக்கு 7 இன்னிங்ஸ். பந்து வீசறவங்க நிக்கறது வெறும் 43 அடி தூரத்தில். பந்து வந்து சேர அரை வினாடிகூட ஆகாது. யோசிக்க நேரமே இல்லாத ஆட்டம்.

2017 இறுதிப்போட்டி. ஓக்லஹோமாவுக்கும் புளோரிடாவுக்கும் நடந்த முதல் ஆட்டம் 7-ல் முடியல, 17 இன்னிங்ஸ் வரை இழுத்தது. 17-வதில் ஓக்லஹோமாவின் ஷே நைட்டன் ஒரு ஹோம் ரன் அடிச்சாங்க, 3 ரன். ஆட்டம் 7-5. மறுநாள் 5-4, பட்டம் ஓக்லஹோமாவுக்கு. மொமென்டம் கட்சிக்காரங்க காலரைத் தூக்கி விட்டுக்கலாம்.

இப்ப 2019-க்கு வாங்க. ஓக்லஹோமாவும் யூ.சி.எல்.ஏ.வும். ஆட்டம் ஓக்லஹோமா சிட்டியில். பல்கலைக்கழகம் பக்கத்து ஊரான நார்மன்ல இருக்கு. கூட்டம் யாருக்குக் கத்தும்னு சொல்லவே வேணாம்.

யூ.சி.எல்.ஏ.வின் ரேச்சல் கார்சியா ஜூன் 2-ம் தேதி அரையிறுதியில் வாஷிங்டனுக்கு எதிரா 10 இன்னிங்ஸ், 179 பந்து வீசியிருந்தாங்க. 0-0-ன்னு இருந்த ஆட்டத்தை 10-வது இன்னிங்ஸ்ல தானே ஹோம் ரன் அடிச்சு 3-0-ன்னு முடிச்சதும் அவங்கதான். மறுநாள் இறுதிப்போட்டியின் முதல் ஆட்டத்தில் யூ.சி.எல்.ஏ. 16-3. நசுக்கிட்டாங்க.

மொமென்டம் நிஜம்னா ரெண்டாவது ஆட்டமும் ஒருதலையா போயிருக்கணும் இல்லையா? போகல. கடைசி இன்னிங்ஸ் வரும்போது யூ.சி.எல்.ஏ. 4-3. ஓக்லஹோமா பக்கம் 2 பேர் அவுட். இன்னும் ஒரு அவுட், கோப்பை. வீசறது கார்சியா. அடிக்க வந்தது யாரு? அதே ஷே நைட்டன். கல்லூரியில் அவங்களோட கடைசி வருஷம். அடிச்சாங்க பாருங்க ஹோம் ரன்! 4-4.

அந்த நிமிஷத்தில் யாரைக் கேட்டாலும் மொமென்டம் ஓக்லஹோமா பக்கம்னுதான் சொல்லியிருப்பாங்க, நான் உட்பட. ஆனா கார்சியா மிச்சமிருந்த ஒரு அவுட்டை எடுத்தாங்க. அதே இன்னிங்ஸோட மறுபாதியில் கின்ஸ்லி வாஷிங்டன் அடிச்ச அடியில் ஒரு ரன் வந்தது. 5-4. 2010-க்கு அப்புறம் யூ.சி.எல்.ஏ.வுக்குப் பட்டம். நைட்டனோட கடைசி அடி ஹோம் ரன், ஆனா தோத்த பக்கம்.

அப்ப மொமென்டம் வெறும் பிரமையா? 1985-ல் கிலோவிச், வல்லோன், ட்வெர்ஸ்கி மூணு பேரும் கூடைப்பந்து கணக்கை அலசி அப்படித்தான் சொன்னாங்க. ஆனா 2018-ல் மில்லரும் சான்ஹுர்ஹோவும் அந்தக் கணக்குலயே ஒரு ஓட்டை கண்டுபிடிச்சாங்க. ஒரு நாணயத்தை 3 தடவை சுண்டுங்க. தலைக்கு அடுத்து எத்தனை தடவை திரும்பவும் தலை வந்ததுன்னு விகிதம் போடுங்க. இதைப் பல தடவை செஞ்சு விகிதங்களுக்குச் சராசரி எடுத்தா 50 வராது, சுமார் 42 சதவீதம்தான் வரும். இந்தப் பிழையைத் திருத்திப் பார்த்தா, பழைய டேட்டாவிலேயே ஒரு 'சூடு' தெரியுதாம். ஆக, கொஞ்சம் இருக்கு. ஆனா கமெண்டரி பாக்ஸ்ல சொல்ற அளவுக்கு இல்லை.

காலேஜ்ல டிபார்ட்மென்ட் பைனல். மிட்விக்கெட்ல ஒரு லட்டு கேட்ச்சை விட்டேன். அது போகட்டும். அடுத்த பந்தும் என்கிட்டயேதான் வந்தது. விட்ட கேட்ச்சையே நினைச்சுக்கிட்டு நின்னதுல அது கால் நடுவுல போயிடுச்சு. 4 ரன். தோத்தது 2 ரன்ல. மொமென்டம் போச்சுடான்னு அன்னிக்கு எல்லாரும் என்னைத் தேத்தினாங்க. எனக்கும் அது வசதியா இருந்தது, பல வருஷம் அதையே சொல்லிட்டுத் திரிஞ்சேன்.

கார்சியாவுக்கும் அதேதான் நடந்தது, பல ஆயிரம் பேர் முன்னாடி. அவங்க மனசுல என்ன ஓடிச்சோ, யாருக்குத் தெரியும். நமக்குத் தெரியறது அடுத்து அவங்க செஞ்சது மட்டும்தான். மன உறுதின்னா ஹோம் ரன்னே வாங்காம இருக்கறது இல்லை போல. வாங்கின பிறகும் அடுத்தவங்களை அவுட் ஆக்கறது.

அன்னிக்கு என்கிட்ட இருந்து போனது மொமென்டம் இல்லீங்க. ரெண்டாவது பந்து.