ஓரத்தில் நிற்கும் முகம்: அதி அகலக்கோண லென்ஸ் மனிதரிடம் வந்த வரலாறு

1858இல் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரர் லின்னேயஸ் டிரைப் தஞ்சைப் பெரிய கோயிலுக்குக் கேமராவோடு வந்தார். விமானத்தின் அடித்தளத்தில் வரிசையாக ஓடும் கல்வெட்டுகளைப் பதிவுசெய்வது அவர் எடுத்துக்கொண்ட வேலைகளில் ஒன்று. கேமராவைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் படம் பிடித்து, 21 அச்சுகளை ஒன்றோடொன்று ஒட்டினார். கிடைத்த சுருளின் நீளம் ஏறக்குறைய 19 அடி. அகலத்தை ஒரே பார்வையில் அள்ளும் லென்ஸ் இல்லாத காலத்தில் நடந்து நடந்து ஒட்டுவதுதான் வழி.

மறு ஆண்டே இங்கிலாந்தில் தாமஸ் சட்டன் வேறொரு வழியைக் காட்டினார். உள்ளே தண்ணீர் நிரப்பிய கண்ணாடிக் கோளம், அதுவே லென்ஸ். கிடைமட்டத்தில் 120 பாகை வரை அது பார்த்தது. ஆனால் அதற்குத் தட்டையான கண்ணாடித் தகடு ஒத்துவராது; வளைந்த தகடு வேண்டும். வளைந்த தகட்டைப் பூசுவதும் கழுவுவதும் அச்சிடுவதும் பெரும்பாடு. சட்டனின் பெயர் புகைப்பட வரலாற்றில் வேறு இரண்டு இடங்களிலும் வரும். 1861இல் இயற்பியலாளர் மேக்ஸ்வெல்லின் வண்ணப்பட ஆய்வுக்காகப் படமெடுத்துக் கொடுத்தவர் அவர். அதே ஆண்டு, லென்ஸுக்குப் பின்னால் கண்ணாடி வைத்துக் காட்சியை மேலே திருப்பும் கேமராவுக்கு, அதாவது இன்றைய எஸ்.எல்.ஆரின் மூதாதைக்கு, காப்புரிமை பெற்றவரும் அவரே. அகல லென்ஸும் அந்தக் கண்ணாடியும் நூறாண்டு கழித்து ஒன்றோடொன்று மோதப்போகின்றன.

இந்த லென்ஸ் வகையின் வரலாற்றைப் பெரும்பாலும் பாகைகளின் ஏறுவரிசையாகவே எழுதிவருகிறார்கள்: 90, 100, 120 என்று. அந்த வரிசை ஒன்றை மறைத்துவிடுகிறது. அதி அகல லென்ஸ் மனித முகத்துக்காகப் பிறந்தது அல்ல. கட்டடத்துக்காக, மேகத்துக்காக, வானிலிருந்து அளக்கும் நிலத்துக்காகச் செய்யப்பட்டது. அது மனிதர் பக்கம் திரும்பியபோதுதான், கட்டடங்கள் ஒருபோதும் முறையிடாத ஒரு கோளாறு கண்ணுக்குத் தெரிந்தது. பயணத்துக்கு எந்த லென்ஸை எடுத்துச் செல்வது என்று இன்று யோசிப்பவர் எதிர்கொள்வதும் அந்தப் பழைய கோளாறையே.

முதல் தடை வெளிச்சம். லென்ஸின் நடுக்கோட்டிலிருந்து விலக விலக ஓரத்துக்குப் போகும் ஒளி, விலகும் கோணத்தின் கோசைனுடைய நான்காம் அடுக்கின்படி குறைகிறது. 45 பாகை விலகினால் நான்கில் ஒரு பங்கு ஒளிதான். 1900இல் பெர்லினின் கெர்ட்ஸ் நிறுவனத்துக்காக எமில் ஃபான் ஹோக் வடிவமைத்த ஹைப்பர்கான் ஏறத்தாழ 135 பாகை பார்த்தது. அந்தக் கணக்கின்படி அதன் ஓரத்துக்குக் கிடைக்கும் ஒளி நடுவின் 2 விழுக்காடு மட்டுமே. பாதிப் பந்துகள் போல வளைந்த இரண்டே கண்ணாடிகளைக் கொண்ட அந்த லென்ஸின் முன்னால் ஒரு குட்டி நட்சத்திரச் சக்கரம் இருந்தது. ரப்பர் பந்தை அழுத்தினால் காற்று பட்டுச் சக்கரம் சுழன்று நடுப்பகுதியின் ஒளியை மறைக்கும். ஓரங்களுக்கு வெளிச்சம் போதியபின் அதை விலக்கி மிச்ச நேரத்துக்கு நடுவைத் திறந்துவிடுவார்கள். துவாரமோ எஃப்/22. அத்தனை நேரம் அசையாமல் நிற்கக் கோபுரத்தால் முடியும், மாதா கோயிலால் முடியும். சந்தையில் காய் விற்பவரால் முடியாது.

மேகங்களின் பக்கம் போனவர் கேம்பிரிட்ஜின் ராபின் ஹில். 1924இல் வானம் முழுவதையும் ஒரே வட்டத்துக்குள் அடக்கும் லென்ஸை அவர் விளக்கினார். நேர்கோடு நேராகவே இருக்க வேண்டும் என்ற கட்டாயத்தை விட்டுவிட்டதால் 180 பாகை சாத்தியமானது. மீன்கண் லென்ஸ் என்று அறியப்படும் இக்கிளை தனிக்கதை.

உண்மையான பாய்ச்சல் நில அளவையிலிருந்து வந்தது. விமானத்திலிருந்து வரைபடத்துக்குப் படமெடுப்பவருக்கு ஒவ்வொரு பாகையும் பணம். அகலமாகப் பார்க்கும் லென்ஸ் இருந்தால் பறக்கும் தடவைகள் குறையும். ஆனால் கோடு ஒன்று வளைந்தாலும் வரைபடம் பொய்யாகிவிடும். 1933இல் ட்சைஸ் நிறுவனத்தில் ராபர்ட் ரிக்டர் உருவாக்கிய டோபோகான் 100 பாகையைத் தொட்டது. 1946இல் சோவியத் ஒளியியலாளர் மிகயில் ருசினோவ் இன்னும் நுட்பமான வழியைக் கண்டார். லென்ஸின் இரு முனைகளிலும் பெரிய குழிக்கண்ணாடிகளை வைத்தால், பக்கவாட்டில் பார்க்கும்போது துவாரம் சப்பையாகச் சுருங்காது. ஓரங்களும் ஓரளவு ஒளி பெறும். லுட்விக் பெர்டெலே 1952இல் சுவிட்சர்லாந்தின் வில்ட் நிறுவனத்துக்கு ஏவியோகானை வடித்தது இந்தப் பாதையில்தான். இரண்டே ஆண்டுகளில், 1954இல், அவர் வடித்த 21 மி.மீ. பயோகான் கான்டாக்ஸ் கேமராவுக்கு வந்தது. நிலத்தை அளந்த கண் சட்டைப் பைக்குள் வந்துவிட்டது. 90 பாகை, எஃப்/4.5, கோடுகள் நூல் பிடித்தாற்போல நேராக. தெருவில் நடந்துகொண்டே ஒரு வீதி முழுவதையும் எடுப்பது அன்றுதான் நடைமுறையானது.

இங்கே சட்டனின் கண்ணாடி குறுக்கிட்டது. பயோகான் போன்ற சமச்சீர் லென்ஸின் பின்முனை ஃபிலிமுக்கு மிக அருகே உட்கார்ந்தாக வேண்டும். எஸ்.எல்.ஆரில் அந்த இடத்தில் கண்ணாடி மேலும் கீழும் ஆடுகிறது. நிக்கான் எஃப் கேமராவில் லென்ஸ் பொருந்தும் வளையத்துக்கும் ஃபிலிமுக்கும் இடைவெளி 46.5 மி.மீ. 1959இல் வந்த 21 மி.மீ. நிக்கோர் லென்ஸை மாட்டக் கண்ணாடியை மேலே தூக்கிப் பூட்டிவிட்டு, தனி வியூஃபைண்டரில் பார்க்க வேண்டியிருந்தது. விடை 1950லேயே பாரிஸில் பியர் ஆஞ்செனியூவிடம் இருந்தது. முன்னால் ஒளியை விரிக்கும் தொகுதி, பின்னால் குவிக்கும் தொகுதி என்று அமைத்தால், லென்ஸ் தன் குவியத்தூரத்தைவிடத் தள்ளியே நிற்க முடியும். ‘ரெட்ரோஃபோகஸ்’ என்று அவர் வைத்த வணிகப் பெயர் பின்னர் வகையின் பெயராகவே ஆகிவிட்டது. இவ்வகையில் அவருடைய முதல் லென்ஸ் 35 மி.மீ.தான். கண்ணாடி தாராளமாக ஆடும் 20 மி.மீ. லென்ஸ் நிக்கானிலிருந்து வர 1960களின் இறுதி ஆயிற்று.

கிழக்கு ஜெர்மனியின் யேனாவில் இதே முறையில் செய்யப்பட்ட 25 மி.மீ. ஃப்ளெக்டகான் லென்ஸ், 1963 வாக்கில் பிராக் நகரத்து இளைஞர் ஒருவர் கைக்கு வந்தது. யோசஃப் கூடல்கா அப்போது விமானப் பொறியாளர். எக்ஸாக்டா கேமராவில் அதை மாட்டி, சுலோவாக்கியாவின் ரோமா குடியிருப்புகளுக்கு அவர் போய்ப்போய் எடுத்த படங்களே 1975இல் ‘ஜிப்சிகள்’ நூலாயின. ஒற்றையறை வீடுகள், பின்னுக்குப் போகச் சுவர் விடாது. அகல லென்ஸ் இல்லாவிட்டால் அந்தப் படங்களில் முகம் இருந்திருக்கும், வீடு இருந்திருக்காது. படுக்கை, சுவரில் மாட்டிய படங்கள், குழந்தைகள், நடுவில் நின்று நேராகப் பார்க்கும் மனிதர். 1968 ஆகஸ்டில் சோவியத் டாங்கிகள் பிராகில் நுழைந்தபோதும் அதே லென்ஸ்தான் அவரிடம் இருந்தது. முன்னால் கைக்கடிகாரம் கட்டிய ஒரு கை, பின்னால் ஆளரவமற்ற வென்செஸ்லாஸ் சதுக்கம்: அண்மையையும் அகலத்தையும் ஒரே மூச்சில் சொல்ல இந்த லென்ஸால் முடியும் என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது கடினம்.

கூடல்காவின் மனிதர்கள் பெரும்பாலும் ஃபிரேமின் நடுப்பகுதியில் நிற்கிறார்கள். அதற்கு அழகியல் மட்டும் காரணமல்ல, வடிவியலும் இருக்கிறது. நேர்கோட்டை நேராகக் காட்டும் லென்ஸ் ஒவ்வொன்றும் ஒரு விலை கேட்கிறது. கேமராவுக்கு நேர் எதிரே இருக்கும் சுவர் ஓரத்திலும் சிதையாது. தட்டையான பொருள் தப்பித்துவிடும். உருண்டையான பொருள் தப்பாது. ஓரத்தில் வைத்த பந்து முட்டையாக நீளும். எவ்வளவு நீளும் என்பது கணக்கில் வருவது. 36 மி.மீ. அகல ஃபிலிமின் இட வல விளிம்பில், 35 மி.மீ. லென்ஸில் நீட்சி 12 விழுக்காடு. 24 மி.மீ.யில் 25, 20 மி.மீ.யில் 35, 14 மி.மீ.யில் 63. மூலைகளில் இன்னும் கூடும். தலை உருண்டையானது. கோயில் சுவரைப் பழுதின்றிக் காட்டிய லென்ஸ், குடும்பப் படத்தின் கடைசியில் நிற்கும் அத்தையின் முகத்தை இழுத்துவிடுவது இதனால்தான். லென்ஸில் கோளாறு ஏதுமில்லை. விலையுயர்ந்த லென்ஸ் வாங்கினாலும் இது மாறாது.

இதோடு வேறொன்றைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். மூக்கு பெரிதாகத் தெரிவது ஓர நீட்சியால் அல்ல, கிட்டே போவதால். 2018இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வந்த கணக்கீட்டின்படி, 5 அடியிலிருந்து எடுப்பதைவிட 12 அங்குலத்தில் எடுக்கும் செல்ஃபியில் மூக்கு சுமார் 30 விழுக்காடு அகலமாகத் தோன்றும். முதல் சிக்கலுக்கு மருந்து ஆளை நடுப்பக்கம் நகர்த்துவது. இரண்டாவதற்கு இரண்டு எட்டுப் பின்வாங்குவது. இரண்டையும் ஒரே பெயரால் அழைப்பதால்தான் அகல லென்ஸ் முகத்துக்கே ஆகாது என்ற தவறான பேச்சு நிலைத்துவிட்டது.

சிதைவையே விரும்பித் தேடியவர்களும் உண்டு. புகைப்படக்காரர் பில் பிராண்ட் லண்டனில் பழைய மரக் கேமரா ஒன்றை வாங்கினார். குற்றம் நடந்த அறையை மூலை விடாமல் பதிவுசெய்யப் போலீசார் பயன்படுத்திய வகை அது. அதைக் கொண்டு அவர் எடுத்த உடல்களில் கை கால்கள் பாறை போல நீள்கின்றன; 1961இல் அவை நூலாக வந்தன. அறையைப் பார்க்கச் செய்த கருவி உடலைப் பார்த்தது. அதுவே அந்தப் படங்களின் புதுமை.

அதன்பின் எண்கள் வேகமாகக் கூடின. ட்சைஸ் ஹோலோகான் 1969இல் 15 மி.மீ., 110 பாகை. ஆனால் துவாரம் எஃப்/8க்கு மேல் திறக்காது, நடுவைக் கறுப்பாக்கிய ஃபில்டரும் வேண்டும், ஹைப்பர்கானின் நட்சத்திரம் மறுபிறவி எடுத்தது போல. 1970களில் நிக்கான் 13 மி.மீ., 118 பாகை லென்ஸை ஆர்டரின் பேரில் செய்து தந்தது. 2007இல் வந்த நிக்கோர் 14-24 மி.மீ. எஃப்/2.8 ஜூம், தனிக் குவியத்தூர லென்ஸ்களையே நாணவைக்கும் அளவு கூர்மை காட்டியது. ஆனால் எடை ஏறக்குறைய ஒரு கிலோ, முன்கண்ணாடி குமிழ் போலத் துருத்தியதால் சாதாரண ஃபில்டர் மாட்ட வழியில்லை. மலையேறுகிறவருக்கு அது சுமைதான். கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராக்கள் வந்தபின் லென்ஸ் மறுபடி சென்சாரை நெருங்கியது. 2019இல் நிக்கான் இசட் வரிசையின் 14-30 மி.மீ. எஃப்/4 லென்ஸ் 485 கிராமில் வந்தது, 82 மி.மீ. ஃபில்டரும் நேராக மாட்டலாம்.

பயணிக்கு எது? கடைக்காரர் 14ஐ நீட்டுவார், ஏனென்றால் அதுதான் வியூஃபைண்டரில் வியக்கவைக்கும். மண்டபமும் மலையும்தான் குறி என்றால் அது சரி. மனிதர் வேண்டுமென்றால் மேலே சொன்ன கணக்கு 20க்கும் 24க்கும் இடைப்பட்டதையே சுட்டுகிறது. கேமராவை மட்டமாக, நெஞ்சு உயரத்தில் பிடித்தால் தூண்களும் சாயாது, ஆளும் குள்ளமாக மாட்டார். ஓரங்களைக் கதவுக்கும் சுவருக்கும் கொடுத்துவிட்டு முகங்களை நடுப்பகுதியில் வைக்க வேண்டும். கூட்டமாக நிற்பவர்களை விளிம்பு வரை நிறைப்பதைவிடப் பின்னால் போய் எடுத்து வெட்டிக்கொள்வது நல்லது. வெறுமையைக் கூட்டும் குணம் இந்த லென்ஸுக்கு உண்டு. கையெட்டும் தூரத்தில் ஏதேனும் ஒன்று முன்னணியில் இல்லாவிட்டால் எவ்வளவு பெரிய மலையும் தொலைவில் ஒரு மேடாகச் சுருங்கிவிடும்.

இன்று பெரும்பாலோர் அதி அகல லென்ஸைக் காசு கொடுத்துத் தனியாக வாங்குவதே இல்லை. 2016இல் எல்ஜி ஜி5 செல்பேசியில் இரண்டாவது, அகலக் கேமரா வந்தது. 2019இல் ஐபோன் 11 அதை 120 பாகையில் எங்கும் பரப்பியது. ஓர நீட்சியும் கூடவே எல்லாருடைய பைக்குள்ளும் வந்தது. அதே 2019இல் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்ட முறை, படத்தில் முகங்களைத் தனியே கண்டறிந்து, அவற்றுக்கு மட்டும் உருண்டை சிதையாத வேறொரு வீழல் முறையைத் தருகிறது. பின்னணிக்கு நேர்கோட்டு முறை அப்படியே தொடர்கிறது. ஒரே படத்துக்குள் இரண்டு வடிவியல்கள், இடையில் தையல் தெரியாதபடி.

ஓவியர்கள் இதை முன்பே செய்திருக்கிறார்கள். வத்திக்கானில் 1509 முதல் 1511 வரை ரஃபேல் தீட்டிய ‘ஏதென்ஸின் பள்ளி’ ஓவியத்தில் தளமும் வளைவுகளும் தொடுவானத்தின் ஒற்றைப் புள்ளியை நோக்கிக் கறாராக ஒடுங்குகின்றன. அந்த விதிப்படி, வலக்கோடியில் தாலமியும் சொராஸ்டரும் ஏந்தியிருக்கும் கோளங்கள் முட்டையாக நீண்டிருக்க வேண்டும். ரஃபேல் அவற்றை வட்டமாகவே வரைந்தார். அந்தக் கோளங்களுக்கு அடுத்து, படத்தின் விளிம்பை ஒட்டி, கறுப்புத் தொப்பியுடன் ஓர் இளைஞர் நம்மைப் பார்க்கிறார். அது ரஃபேலின் சொந்த முகம். அதிலும் நீட்சி இல்லை.