ஆணி அடித்த பூட்ஸ்

புதுச் செருப்பு கடிக்கும் என்பது நாமெல்லோரும் அறிந்த விஷயந்தான். இரண்டு நாள் எண்ணெய் தடவினால் தோலும் இளகிவிடும், காலும் பழகிவிடும். ஆனால் முதுகில் சுமையேற்றிக்கொண்டு நாட்கணக்கில் மலைமேல் நடப்பவனுக்கு, கடித்ததைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வீடு திரும்பும் சௌகரியம் இல்லாமையால், பாதரட்சையே பிராணரட்சையாகவும் ஆகிவிடுகிறது.

ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலையில் ஏறியவர்கள், பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் அதற்கடுத்த நூற்றாண்டின் முற்பகுதியிலும், தடித்த தோலடியில் இரும்பு ஆணிகள் அறைந்த பூட்ஸையே நம்பியிருந்தார்கள். அடியின் நடுவே உருண்டைத் தலை ஆணிகள் இருக்கும். விளிம்பைச் சுற்றி, பாறையின் சொரசொரப்பைக் கவ்வும்பொருட்டு மெல்லிரும்பினாலான அகன்ற ஆணிகள் இருக்கும். இவை விரைவில் தேய்ந்துபோவதால், ஜெனீவா நகரத்து நகைத்தொழிலாளி ஃபெலிக்ஸ் ஜெனகான் என்பவர், 1912-ஐ ஒட்டி, பல்வரிசை போன்ற விளிம்புடைய கடின உருக்கு ஆணியை உருவாக்கினார். 'டிரிகூனி' என்ற பெயரில் அது மலையேறுவோரிடையே பிரசித்தி பெற்றது. இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில், முன்சென்றோரின் ஆணிகள் பாறையில் கீறிய வெண்தழும்புகளைப் பார்த்தே பின்வந்தோர் வழி கண்டுகொண்டார்கள் என்றால், அந்த ஆணிகளின் ஆட்சி எவ்வளவு விரிந்திருந்தது என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

ஆயினும் ஆணி பூட்ஸ் பளுவானது. பனியின் குளிரை இரும்பு பாதம்வரை கடத்தியது. செங்குத்தான பாறையில் நுணுக்கமாகக் கால்வைக்க இடங்கொடுக்கவில்லை. ஆகவே பாறையடிவரை ஆணி பூட்ஸில் நடந்து, அதை அங்கேயே கழற்றி வைத்துவிட்டு, மெல்லிய அடியுள்ள இலேசான காலணிகளுடன் மேலே ஏறுவது வழக்கமாயிற்று. வழக்கம் புத்திசாலித்தனமானதுதான், வானம் தெளிவாக இருக்கும்வரை.

1935 செப்டம்பரில், இத்தாலிக்கும் ஸ்விட்ஸர்லாந்துக்கும் இடையிலுள்ள புந்தா ராஸிகா சிகரத்தில் ஏறிய மிலான் நகரத்துக் குழு ஒன்றைப் பனிப்புயல் வளைத்துக்கொண்டது. கனத்த பூட்ஸ் கீழே கிடக்க, மெல்லிய காலணிகளோடு உறைபனியில் இறங்கவும் மாட்டாமல், தங்கவும் மாட்டாமல் ஆறு பேர் மாண்டார்கள். அக்குழுவில் இருந்து உயிர் தப்பிய வீத்தாலே பிரமானி, மிலானில் மலையேற்றச் சாமான்கள் விற்றுவந்தவர். நடைக்கும் ஏற்றத்துக்கும் ஒரே காலணி போதுமானதாக இருந்திருந்தால் நண்பர்கள் பிழைத்திருப்பார்களே என்ற எண்ணம் அவரை விடவில்லை. மோட்டார் டயருக்கான ரப்பரைப் பதப்படுத்தும் வித்தையைக் காலணிக்கும் பிரயோகிக்க, பிரெல்லி கம்பெனியாரின் ஒத்தாசையுடன் முயன்று, 1937-இல் ஆழ்ந்த பள்ளங்களும் முண்டுகளும் கொண்ட ரப்பர் அடியை வெளியிட்டார். யுத்த டாங்கியின் சங்கிலித்தடத்தை நினைவூட்டியதால் அதற்குக் 'கர்ரார்மாத்தோ' என்று பெயர்; தம் பெயரின் இரு பகுதிகளையும் சேர்த்து அவர் அமைத்த 'விப்ராம்' என்ற முத்திரை இன்றும் மஞ்சள் எண்கோணத்தில் காணப்படுகிறது. 1954 ஜூலை 31 அன்று கே-2 சிகரத்தில் முதன்முதலாகக் கால்வைத்த இத்தாலியர் இருவரின் பூட்ஸிலும் இருந்தது அந்த அடியே.

ஈரமும் பாசியும் படிந்த பாறையில் ரப்பர் வழுக்கும், ஆணி வழுக்காது என்று பிரிட்டனின் பழைய மனிதர்கள் வெகுகாலம் முணுமுணுத்தார்கள். அதில் நியாயம் உண்டு. நீடித்த உழைப்பைப் பற்றியும் எனக்கு ஒரு முணுமுணுப்பு உண்டு: தோல் விளிம்போடு தைத்த அடி தேய்ந்தால் செருப்புத் தைப்பவர் புது அடி தைத்துக் கொடுப்பார், இக்காலத்துப் பூட்ஸ் பலவற்றில் இடையடுக்காக வைக்கப்படும் பாலியூரிதேன் நுரையோ, அணியாமல் பெட்டியில் பத்திரப்படுத்தினாலும், காற்றின் ஈரத்தால் சில வருஷங்களில் தானே பொடிந்து உதிர்ந்துவிடும்.

காலில் ஏறும் ஒரு ராத்தல், முதுகில் ஏறும் ஐந்து ராத்தலுக்குச் சமம் என்று மலைநடையாளரிடையே ஒரு கணக்கு வழங்குகிறது. இக்கணக்கை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிராத ஓர் அம்மாள் அமெரிக்காவில் இருந்தார். பதினொரு பிள்ளைகளைப் பெற்று வளர்த்த எம்மா கேட்வுட், 1955-இல், தமது அறுபத்தேழாம் வயதில், ஜார்ஜியா முதல் மெய்ன் வரை இரண்டாயிரம் மைலுக்கு மேற்பட்ட அப்பலாச்சியன் பாதையை, தாமே தைத்த துணிப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு 146 நாட்களில் தன்னந்தனியே நடந்து முடித்தார். காலில் இருந்தது சாதாரண கான்வாஸ் ஷூ; கிழிந்தால் வேறு ஜோடி. இரண்டு வருஷம் கழித்து அதே பாதையை மறுபடியும் முழுவதும் நடந்தார். அப்போதும் கான்வாஸ் ஷூதான்.