மெனின் வாயில்

பெல்ஜிய நாட்டின் ஈப்பர் நகருக்குச் செல்லும் பிரயாணிகள், இரவு எட்டு மணிக்கு முன்னரே மெனின் வாயிலிற் கூடிவிடுவர். முதலாம் உலக மகாயுத்தத்தில் அந்நகரைச் சூழ்ந்த களங்களில் மடிந்து, புதைகுழியும் அறியப்படாத பிரித்தானியப் பேரரசின் போர்வீரர் 54,000க்கு மேற்பட்டோரின் பெயர்கள் அதன் சுவர்களிற் பொறிக்கப்பட்டுள்ளன. வாயில் திறக்கப்பெற்றது 1927ஆம் ஆண்டிலாகும். மறு ஆண்டில் தொடங்கிய வழக்கப்படி, இரவுதோறும் எட்டு மணிக்கு அங்கே எக்காளம் முழங்கும். 1940இல் ஜெர்மானியர் நகரைக் கைப்பற்றவே அவ்வொலி அடங்கிற்று. 1944 செப்டெம்பர் 6ஆந் திகதி போலந்துப் படையினர் நகரை மீட்ட அன்றே மீண்டும் எழுந்தது.

நிலத்தைத் தோண்டும்போது வெளிப்படும் உடல் இன்னாருடையதெனத் துணியப்படின், அவருக்குப் பெயர் பொறித்த கல்லறை அமைக்கப்படும். பின்னர் சுவரிலுள்ள பெயர் நீக்கப்படும். பிறவிடங்களிற் பெயர் நீங்குதல் மறதியின் அடையாளம். இங்கோ, காணாமற்போன ஒருவர் கண்டெடுக்கப்பட்டார் என்பதே அதன் பொருள்.