அரக்குத் தட்டுல கிட்டப்பா

வத்தல்மலைக்கு நான் கொண்டு வந்தது பெட்டி மாதிரி மூடித் தூக்கிட்டுப் போற கிராமபோன். பழைய சாமான் கடையில மலிவா கிடைச்சது. சாவி கொடுத்தா போதும், கரண்ட் வேண்டாம். ஸ்பிரிங்ல கிரீஸ் காய்ஞ்சு கெட்டியா இருந்துச்சு. மண்ணெண்ணெயில கழுவிப் புது கிரீஸ் வச்சேன். சவுண்ட் பாக்ஸ்ல இறுகிப்போன ரப்பர் வளையத்தை மாத்தினேன். பெட்டிக்கு பெயின்ட் அடிக்கச் சொன்னாங்க, வேண்டாம்னுட்டேன். பழசு பழசா இருக்கட்டுமே.

தட்டுலதான் சூட்சுமமே இருக்கு. நிமிஷத்துக்கு 78 சுத்து சுத்துற அந்தக் காலத்துத் தட்டு பிளாஸ்டிக் இல்லீங்க, அரக்கு. புரசு, இலந்தை மாதிரி மரக்கிளைகள்ல சின்னப் பூச்சி சுரக்கிற பிசின். அதோட கல்தூளும் சேர்த்து கல்கத்தா டம்டம் ஆலையில அச்சடிச்சாங்க. அரக்கு ஸ்பிரிட்ல கரையும். பளபளப்பு வரட்டும்னு ஸ்பிரிட் தொட்டுத் துடைச்சா பாட்டே போயிடும். லேசா நனைச்ச துணி போதும், நடுவுல இருக்கற லேபிள் நனையாம பார்த்துக்கணும். ஊசியும் ஒரு பக்கத்துக்கு ஒண்ணு. தேய்ஞ்ச ஊசி தட்டைச் சுரண்டிடும்.

எஸ்.ஜி. கிட்டப்பா 1933-ல, 27 வயசுல போயிட்டார். சினிமாவுல நடிக்கல. நாடக மேடையில ஜனங்க கேட்ட குரல் நம்ம காதுக்கு வர்றது இந்த மூணு நிமிஷத் தட்டுகளாலதான்.

உங்க வீட்டுப் பரண்ல தட்டு கிடந்தா அடுக்கிப் படுக்க வைக்காதீங்க. வெயில் படாத இடத்துல நிமிர்த்தி வையுங்க.